டிரிகர் கனமாக இருக்கிறதா? ஸ்ப்ரிங்கில் கை வைக்காதீர்கள்

“டிரிகர் ரொம்ப இறுக்கமா இருக்குண்ணே, கொஞ்சம் லேசாக்கிக் கொடுங்க.”

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நகைக்கடைக்கும் அடகுக்கடைக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் ஆயுதக் காவல் போகிற தம்பிகள் என்னிடம் ஓயாமல் கேட்பது இது. கேட்பதில் தப்பே இல்லை. சிலர் கேட்காமல் தாங்களே கைவேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். அப்படி மறுபடியும் ஒன்று என் மேசைக்கு வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

வந்தது ஒரு .38 ரிவால்வர், விலை குறைந்த ரகம். மலிவு என்பதற்காக அதை நான் மட்டம் தட்ட மாட்டேன். பராமரித்தால் பல வருடம் உழைக்கும். கொண்டுவந்தவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். “இப்ப நல்லா சாஃப்டா இருக்குங்க ஐயா” என்றார். பிடியைக் கழற்றிப் பார்த்தேன். ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கிற சுத்தியலைத் தள்ளுகிற மெயின் ஸ்ப்ரிங்கின் ஒரு முனையை யாரோ கிரைண்டரில் அறுத்திருந்தார்கள். அறுத்த இடம் நீலம் பாய்ந்து கிடந்தது. நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் நன்றாகச் சூடு ஏறியிருக்கிறது என்று பொருள். அப்படிச் சூடான ஸ்ப்ரிங் பதம் போய்விடும். டவுனில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் நண்பர் செய்து கொடுத்தாராம்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டோம். சில தோட்டா வெடித்தது, சிலது ‘டிக்’ என்றதோடு சரி. வெடித்ததையும் வெடிக்காததையும் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினேன். சரியாக அடி விழுந்த பிரைமரில், அதாவது அடிபட்டதும் தீப்பற்றுகிற தோட்டாவின் அடிப்பக்கத்துச் சிறு மூடியில், நடுவில் ஆழமான வட்டக் குழி. வெடிக்காததில் நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படாத ஒரு மேலோட்டமான தடம். இந்தத் துப்பாக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அவர் நகைக்கடை வாசலில் நின்றிருக்கிறார். அவருக்குக் குடும்பம் இருக்கிறது, கடைக்குள் வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வழிப்பறிக்காரன் எதிரே நிற்கும்போது ‘டிக்’ என்றால் என்ன செய்வது?

என்னை எரிச்சல்படுத்துவது ஒரே ஒரு நம்பிக்கைதான்: ‘டிரிகர் லேசா இருந்தா நல்ல துப்பாக்கி, கனமா இருந்தா மட்டமான துப்பாக்கி.’ இதை எத்தனை தடவை, எத்தனை விதமாகச் சொன்னாலும் காதில் ஏற மாட்டேன் என்கிறது. டிரிகர் எப்படி இருக்கிறது என்பது கைக்குத் தெரிகிற சுகம். துப்பாக்கி நம்பகமானதா என்பது வேறு விஷயம். கடையில் எடுத்து நாலு தடவை வெறுமனே இழுத்துப் பார்த்துவிட்டு ‘ஜோர்’ என்று சொல்பவர்களுக்கு அது தோட்டாவை ஒழுங்காக வெடிக்குமா, மேகசினிலிருந்து (பிஸ்டலில் தோட்டா அடுக்குகிற பெட்டி) ஒழுங்காக ஏற்றுமா, கீழே விழுந்தால் தானாக வெடிக்காமல் இருக்குமா என்பது எதுவும் தெரியாது. கையில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போன டிரிகர், சுட ஆரம்பித்ததும் சிக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். இறுக்கமாக இருந்த பழைய ரிவால்வர் மழையிலும் வெயிலிலும் ஒரு தோட்டாவைக்கூடத் தவறவிடாமல் ஓடியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் டிரிகர் கனமாக இருப்பது பழுது அல்ல. அந்த ஒரே இழுப்பில் சிலிண்டர் சுற்ற வேண்டும், ஹேமர் பின்னால் போக வேண்டும், பிறகு விடுபட்டு அடிக்க வேண்டும். 4.5 முதல் 5.5 கிலோ வரை பலம் கேட்பது சாதாரணம். ஹேமரைக் கையால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் அதில் பாதிகூட வேண்டாம். இப்போது புழக்கத்தில் இருக்கும் பல பிஸ்டல்கள் 2.5 கிலோ சுற்றி வரும். அனைத்துலக 25 மீட்டர் விளையாட்டுப் போட்டியில்கூட டிரிகர் 1000 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்து, எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதித்துத்தான் களத்தில் இறக்குவார்கள். காகிதத்தைப் பார்த்து நிதானமாகச் சுடுகிற இடத்திலேயே அப்படி. கூட்டமான கடைத்தெருவில், பதற்றத்தில், வேர்வைக் கையோடு நிற்கிற காவலருக்கு அந்தக் கனம் ஒரு பாதுகாப்பு. விரல் தெரியாமல் பட்டால் வெடிக்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது.

யூடியூப் பார்த்துத்தான் பாதிப் பேர் கெடுகிறார்கள். அமெரிக்காவில் மலிவு விலைப் பிஸ்டலுக்கு டிரிகர் மாற்றுவது பெரிய பொழுதுபோக்கு. 1994இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிக்மா, டிரிகர் கனத்துக்காகவே பேர் வாங்கிய துப்பாக்கி. அதற்கென்றே ஸ்ப்ரிங் செட் விற்றார்கள். அங்கே ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியில் பாகத்தை மாற்றுகிறார், பிறகு பெட்டி பெட்டியாகத் தோட்டா சுட்டுப் பார்க்கிறார், சரிவரவில்லை என்றால் பழையதையே மாட்டிக்கொள்கிறார். நம் காவலர் கையில் இருப்பது நிறுவனத்தின் உரிமத்தில் இருக்கிற ஆயுதம். சோதித்துப் பார்க்க அவருக்குக் கிடைப்பது வருடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய தோட்டாதான்.

டிரிகரில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எங்கே போகும் என்று தெரியாது. அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. 2017இல் சிக் சாவர் பி320 பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று சோதனைகளில் தெரியவந்தது. டிரிகரின் சொந்த எடையே விழுந்த வேகத்தில் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும் என்பது அதில் பேசப்பட்ட காரணம். நிறுவனம் டிரிகர், ஸ்ட்ரைக்கர் (ஹேமர் இல்லாத பிஸ்டலில் தோட்டாவை அடிக்கிற பாகம்), சியர் (ஹேமரையோ ஸ்ட்ரைக்கரையோ பிடித்து நிறுத்துகிற கொக்கி) ஆகியவற்றை எடை குறைத்து மாற்றி, டிரிகரின் இணைப்பை விலக்குகிற டிஸ்கனெக்டர் ஒன்றும் தனியாகச் சேர்த்துக் கொடுத்தது. இத்தனை பொறியாளர்கள் இருக்கிற கம்பெனிக்கே அந்த நிலை. நீங்கள் சாணைக்கல்லோடு உட்கார்ந்து என்ன கணக்குப் போடுவீர்கள்?

சிலர் ஸ்ப்ரிங்கைத் தொடுவதில்லை, சியரை எமரித் தாளில் தேய்க்கிறார்கள். இது இன்னும் மோசம். மலிவுத் துப்பாக்கியில் பல பாகங்களுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினமாக இருக்கும், உள்ளே மென்மை. ரப்பர் மரம் வெட்டின அனுபவம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்: பட்டையில் கத்தி அளவோடு ஓடினால் பால், கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்கே காயம், அந்த இடம் பிறகு தேறாது. சியரும் அப்படித்தான். தோல் போன சியர் சீக்கிரம் தேய்ந்து, ஹேமரைப் பிடித்து நிற்க முடியாமல் போகும். டிரிகரைத் தொடாமலே ஹேமர் விழும், இல்லை ஒரு இழுப்புக்கு இரண்டு குண்டு போகும்.

அப்போ கனமான டிரிகரை என்னதான் செய்வது?

முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பாதிப் ‘பழுது’ இங்கேயே தீர்ந்துவிடும். பழைய கிரீஸ் காய்ந்து, தூசி சேர்ந்து, நம் ஊர் ஈரத்தில் துரு பிடித்திருக்கும். துப்பாக்கிக்கென்று விற்கிற எண்ணெய் சில சொட்டு போதும். துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். அது ஊறிப் போய்த் தோட்டாவின் பிரைமரைக் கெடுக்கும்.

அடுத்து கை. குள்ளமான விரல்காரர்கள் நுனி விரலால் இழுத்து அவதிப்படுகிறார்கள். ரிவால்வரில் முதல் மடிப்புவரை விரலைக் கொண்டுபோங்கள், பாதிக் கனம் குறைந்த மாதிரி இருக்கும். பிடி பெரிதாக இருந்தால் சின்னப் பிடி மாற்றச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள். பெண் காவலர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பிறகு வெற்றுப் பயிற்சி. ஆயுத அறையில், பொறுப்பாளர் முன்னிலையில், அந்த அறையில் ஒரு தோட்டாகூட இல்லாமல், இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு. ஸ்னாப் கேப் என்கிற போலித் தோட்டாவைப் போட்டு, குழாய் நுனியில் இருக்கும் முன் குறியின் மேல் ஒரு 10 சென் காசை வைத்து, அது விழாமல் இழுத்துப் பழகுங்கள். விரல் பலப்படும், பாகங்களும் ஒன்றோடொன்று உரசிப் பழகி மிருதுவாகும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இதற்கும் சரிவரவில்லை என்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அனுப்பி, தயாரித்த நிறுவனத்தின் ஸ்ப்ரிங்கையே மாற்றுங்கள். ஆயுதச் சட்டம் 1960இன்படி துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். மோட்டார் பட்டறை நண்பருக்கு அது கிடையாது. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தாலே 7 வருடம் வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் மாட்டினால் 14 வருடம் வரை, பிரம்படியும் சேர்த்து. உதவி செய்ய வந்த நண்பரை இதில் இழுத்துவிடாதீர்கள். 1948 ஜூன் 16இல் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இந்த நாட்டில் துப்பாக்கியைச் சட்டம் எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியது என்பதை நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி நம்பகத்தன்மை. இதைச் சோதிக்கத் தோட்டா செலவாகும், வேறு வழியில்லை. பணிக்குப் போகிற துப்பாக்கிக்கு 200 தோட்டா தடங்கலில்லாமல் போக வேண்டும் என்பது பல பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. முதலாளிமாரே, அந்தச் செலவு உங்களுக்குப் பெரிதில்லை. அதுவும் பயிற்சிக்கு ஒரு தோட்டா, பணிக்கு வேறு தோட்டா என்று இருந்தால், பணித் தோட்டாவிலும் கொஞ்சம் சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு கம்பெனியின் பிரைமர் மென்மை, இன்னொன்றின் பிரைமர் கடினம். மென்மையானதில் வெடித்த துப்பாக்கி கடினமானதில் ஏமாற்றலாம். பிஸ்டல் என்றால் மேகசின்களுக்கு எண் எழுதுங்கள். சிக்கல் எப்போதும் அதே எண்ணில் வந்தால் குற்றவாளி மேகசின்தான், அதற்காகத் துப்பாக்கியைப் பிரிக்காதீர்கள். தோல் பெல்ட்டில் மாதக்கணக்கில் குத்தி வைத்துப் பச்சைக் களிம்பு ஏறிய தோட்டாவை வைத்துத் துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள்.

ரேஞ்சில் ‘டிக்’ என்றால் உடனே சிலிண்டரைத் திறக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழாயை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். ‘பொப்’ என்று சத்தம் குறைவாக, உதைப்பு இல்லாமல் வெடித்தாலும் நிறுத்துங்கள். குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழாய் கிழியும்.

வெடிக்காத தோட்டாவைத் தூக்கி எறியாதீர்கள். பயிற்சியாளரிடம் கொடுத்து, தோட்டாப் பெட்டியின் லாட் எண்ணையும் (எந்தத் தொகுதியில் செய்தது என்கிற எண்) துப்பாக்கி எண்ணையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை மேலதிகாரி மூலமாகத் துப்பாக்கியோடு சேர்த்து அனுப்புங்கள். பிரைமரில் விழுந்திருக்கும் தடத்தைப் பார்த்தாலே பாதி விடை எனக்குத் தெரிந்துவிடும்.