போத்தலில் எழுதாத மூலக்கூறு

மனச்சோர்வுக்கென்று லண்டனில் இருந்து அண்ணன் அனுப்பிய செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் குளிசைப் போத்தலில் "ஹைப்பரிசின் 0.3%" என்று போட்டிருக்கிறதாம். அதே செடியின் உலர்ந்த பூவை வாங்கித் தேத்தண்ணி போல ஊற்றிக் குடித்தால் என்ன என்று கோண்டாவில் வாசகி ஒருவர் கேட்கிறார்.

சரிவராது. ஹைப்பரிசின் செந்நிறச் சேர்வை. 590 நானோமீற்றர் ஒளியை உறிஞ்சுவதால் அளப்பது சுலபம், அதனால்தான் லேபிளில் ஏறியது. ஆனால் மூளையில் கூடுதலாக வேலைசெய்வதாக ஆய்வுகள் காட்டுவது அதே செடியில் உள்ள நிறமற்ற ஹைப்பர்போரினை.

அது வேலைசெய்யும் விதம்தான் அழகு. நரம்புக் கலம் வெளியே விட்ட செரட்டோனின் என்ற செய்தி இரசாயனத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதம், சோடியம் அயன் வெளியே கூடவும் உள்ளே குறையவும் இருக்கிற வித்தியாசத்தையே விசையாகப் பயன்படுத்துகிறது. வழமையான மனச்சோர்வுக் குளிசைகள் அந்தப் புரதத்தையே அடைக்கும். ஹைப்பர்போரின் அதைத் தொடாமல் கலத்துக்குள் சோடியத்தைக் கூட்டிவிடும்: கிணற்றுத் துலாவில் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து நிறுத்தாமல், மேலே மிதிக்கிறவரை இறக்கிவிட்ட மாதிரி. அதே விசையில் ஓடும் நோரட்ரினலின், டோப்பமின், காபா, குளூட்டமேற்று போன்ற மற்றச் செய்தி இரசாயனங்கள் எல்லாம் சேர்ந்தே வெளியில் தங்கும். சோடியம் எந்த வழியால் ஏறுகிறது என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த மூலக்கூறின் பக்கச்சங்கிலிகள் எண்ணெய்த்தன்மையானவை. சுடுநீரில் மிகக் கொஞ்சமே இறங்கும்; தேத்தண்ணியில் வருவது பெரும்பாலும் பிளேவனொயிட்டுகள் என்ற வேறு தாவரச் சேர்வைகள். பூக்கும் நுனிகளை நிழலில் உலர்த்தித் தூளாக்கி, 80% மெதனோலில் அல்லது 60% எதனோலில் ஊறவைத்து, குறைந்த அமுக்கத்தில் கரைப்பானை அகற்றுவதே தொழிற்சாலை முறை. 3 முதல் 6 கிலோ செடிக்கு 1 கிலோ உலர்சாறு கிடைக்கும். பல பரிசோதனைகளில் நாளொன்றுக்குக் கொடுத்தது 900 மில்லிகிராம் சாறு. வெயிலும் வெப்பமும் ஒட்சிசனும் ஹைப்பர்போரினைச் சிதைத்துவிடும். நம்மூர் வெக்கையில் மூடி திறந்து கிடக்கும் போத்தலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பூவை எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துச் சிவப்பு வந்ததும் மருந்து இறங்கிவிட்டதென்று நம்புவதும் வீண். ஹைப்பரிசின் எண்ணெயில் கரையாது. அந்தச் சிவப்பு அதன் சிதைவுப்பொருள்.

நிறத்தை மட்டும் அளந்தால் ஏமாற்றுவதும் லேசு. உணவுச் சாயம் கலந்த தூள்கள் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. தூளின் கரைசலை மெல்லிய படை பூசிய தட்டில் ஏறவிட்டுச் சேர்வைகளைப் பிரித்து, புறஊதா ஒளியில் பார்த்தால் சாயம் தனியே தெரிந்துவிடும். சித்த மருந்துகளுக்கும் இதே சோதனை பொருந்தும். சித்த மருத்துவத்துக்குப் புதுக் கட்டடம் கட்டமுன் இந்தச் சோதனைக் கருவிக்குக் காசு ஒதுக்கவேண்டும் என்பது என் கட்சி.

மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்கிறவர்களுக்கு: இதே ஹைப்பர்போரின் ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதியங்களைப் பெருக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்குளோஸ்போரின், கருத்தடைக் குளிசை எல்லாம் இரத்தத்தில் குறைந்துவிடும். மற்ற மனச்சோர்வுக் குளிசைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகி நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். ஆகவே வாங்கமுன் கரைப்பான், சாறு விகிதம், ஹைப்பர்போரின் அளவு மூன்றும் லேபிளில் உண்டா என்று பாருங்கள். வேறு மருந்து எடுப்பவர் முதலில் டொக்டரிடம் காட்டவேண்டும். குளிசையை நிறுத்தினாலும் நொதியங்கள் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ 2 கிழமை எடுக்கும். அதற்குள் வாபரின் எடுப்பவரின் இரத்தத்தைத் திரும்பச் சோதித்து அளவை மாற்றவேண்டி வரலாம்.