படைப்பணியில் கால் போனவருக்கு என்னென்ன சேரும்: போர்டு அவுட் ஆகி வந்த குடும்பங்களுக்கு

எங்கள் சித்தப்பா வி.கோட்டாவில் இருக்கிறார். பேரணாம்பட்டிலிருந்து மலைப்பாதை ஏறி இறங்கினால் ஆந்திரா, அங்கே ரோட்டை ஒட்டி வீடு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. 2002இல் எல்லையில் புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுக்கும் வேலையில் இருந்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சித்திரை வெயிலில் மதியம் திண்ணையில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றி வைப்பார். காலை நுழைக்கும் சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்கி, ஸ்டம்ப், அதாவது காலின் மீதி முனை, சிவந்திருக்கும். துண்டால் ஒற்றி எடுத்து, பவுடர் போட்டு, வேறு உறை மாட்டுவார். “கால் இல்ல, ஆனா கட்டைவிரல் அரிக்குதும்மா” என்பார். இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த அரிப்பு போகவில்லை.

அவருக்குச் சேர வேண்டிய பென்ஷனில் பெரும்பகுதி பதினேழு வருடம் அவருக்கு வரவில்லை. காரணம் ஒரு காகிதத்தில் இருந்த ஒரு வரி. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலூர், குடியாத்தம், சித்தூர், பலமநேர் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு குறைவு. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். ஆனால் அடிபட்டு வந்த எத்தனையோ பேருக்குத் தங்கள் பென்ஷன் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரியாது. “ஏதோ வருது” என்கிறார்கள்.

முதலில் பென்ஷனின் அமைப்பைப் பார்த்துவிடலாம். உடல் குறைபாட்டால் படையிலிருந்து அனுப்பப்படுவதைத்தான் போர்டு அவுட் என்கிறார்கள். அப்படி வந்தவரின் பென்ஷனில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று சர்வீஸ் எலிமென்ட், அதாவது அவர் செய்த பணிக்கானது. இன்னொன்று டிசெபிலிட்டி எலிமென்ட், அதாவது உடலில் ஏற்பட்ட குறைக்கானது. இரண்டாவது பங்கு கிடைக்க, குறைபாடு படைப்பணியால் வந்தது, அல்லது படைப்பணியால் மோசமானது என்று மருத்துவ போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழு, ஒப்புக்கொள்ள வேண்டும். அளவு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. போர்டு அவுட் ஆனவர் என்றால் 20 சதவீதக் குறைபாடு இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது.

இந்த இரண்டாவது பங்குக்கு இரண்டு வகை உண்டு. பணியில் இருக்கும்போது விபத்தோ நோயோ என்றால் சாதாரண டிசெபிலிட்டி எலிமென்ட். போர், எல்லை மோதல், தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை, கண்ணிவெடி புதைப்பது, அகற்றுவது போன்றவற்றில் ஏற்பட்ட காயம் என்றால் வார் இஞ்சுரி எலிமென்ட். பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 கடிதம் காரணங்களை ஏ முதல் இ வரை (A–E) ஐந்து பிரிவாகப் பிரிக்கிறது. இதில் வார் இஞ்சுரி வருவது கடைசியான இ (E) பிரிவில்.

எழுத்தில் பார்த்தால் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ரூபாயில் பார்ப்போம். ஒருவரின் கடைசிச் சம்பளம், கணக்கில் சேரும் படிகளோடு, 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் எலிமென்ட் பாதி, 20,000. இது இரண்டு வகைக்கும் பொது. சாதாரண டிசெபிலிட்டி எலிமென்ட் 100 சதவீதக் குறைபாட்டுக்கு சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 12,000. அவர் குறைபாடு 75 சதவீதம் என்றால் 9,000. அதே மனிதர், அதே கால், ஆனால் வார் இஞ்சுரி என்று எழுதப்பட்டு போர்டு அவுட் ஆகியிருந்தால் 100 சதவீதத்துக்கு முழுச் சம்பளமே கணக்கு. 75 சதவீதத்துக்கு 30,000. மாதம் 21,000 வித்தியாசம், அதன் மேல் அகவிலைப்படி வேறு. காயம் பட்ட பிறகும் பணியில் தொடர்ந்து, காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கு முழுச் சம்பளத்துக்குப் பதில் 60 சதவீதத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்.

சித்தப்பாவின் போர்டு காகிதத்தில் ‘பணியின்போது விபத்து’ என்று மட்டும் இருந்தது. கண்ணிவெடி என்ற சொல்லே இல்லை. வலியோடு படுத்திருந்தவரிடம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். பாதி படித்ததாகச் சொல்வார். எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. அந்த நிலையில் யார்தான் வரி வரியாகப் படிப்பார்கள்?

சரி, மேலே 75 என்று ஒரு எண்ணை ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். போர்டு சித்தப்பாவுக்குக் கொடுத்தது 60 சதவீதம். ஆனால் கணக்குக்கு அது 75 ஆகும். இதை பிராட் பேண்டிங் என்கிறார்கள். போர்டு கொடுத்த எண் 50க்குக் கீழே என்றால் 50 என்றும், 50 முதல் 75 வரை என்றால் 75 என்றும், அதற்கு மேல் என்றால் 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். முதலில் இது போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும் இருந்தது. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்றது. உங்கள் வீட்டுப் பென்ஷன் ஆணையில் 30, 40, 60 என்று சதவீதம் அப்படியே கணக்காகி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

100 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டு, கூடவே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை என்று போர்டு எழுதினால், கான்ஸ்டன்ட் அட்டென்டன்ட் அலவன்ஸ் தனியாக உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது மாதம் 6,750 ரூபாய் ஆனது. அகவிலைப்படி ஒவ்வொரு 50 சதவீதம் ஏறும்போதும் இது கால் பங்கு கூடும். வருமான வரியைப் பொறுத்தவரை, போர்டு அவுட் ஆனவரின் பென்ஷனில் இரண்டு பங்குக்குமே விலக்கு உண்டு. வங்கியிலோ ஆடிட்டரிடமோ இதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த விலக்கு வழக்கில் சிக்கிய விஷயம். அவர்கள் கேட்டுவிட்டுக் கணக்குத் தாக்கல் செய்வது நல்லது.

காகிதக் கட்டை அவிழ்த்துப் பாருங்கள்

டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வந்த கட்டில் நான்கு காகிதம் முக்கியம். அடிபட்டதும் எழுதிய இஞ்சுரி ரிப்போர்ட், அதன் படிவ எண் ஐ.ஏ.எஃப்.ஒய். 2006. நடந்ததை விசாரித்த கோர்ட் ஆஃப் என்கொயரியின் நகல். பேட்டில் கேஷுவாலிட்டியா (போர் நடவடிக்கையில் அடிபட்டவர்), ஃபிசிக்கல் கேஷுவாலிட்டியா (மற்றபடி அடிபட்டவர்) என்று படைப்பிரிவு பதிவு செய்த பார்ட் டூ ஆர்டர். கடைசியாக மருத்துவ போர்டின் அறிக்கை, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16. இந்த நான்கும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பாருங்கள். சித்தப்பா வீட்டில் கோர்ட் ஆஃப் என்கொயரி நகல் தெளிவாகவே இருந்தது: எந்த இடம், எந்த நடவடிக்கை, எந்த வகைக் கண்ணிவெடி, எல்லாம். போர்டு அறிக்கைக்கு வரும்போது அது வெறும் விபத்தாகிவிட்டது. சித்தி அந்த நகலைத் துணிப் பையில் போட்டு பீரோவுக்குள் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். 2019இல் நான் எடுத்துப் படிக்கும்வரை யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

காகிதம் இல்லை, கரையான் அரித்துவிட்டது என்றால் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், வண்டி, இயந்திரங்களைப் பார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத். பதில் வராவிட்டால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் சொந்த மருத்துவ போர்டு அறிக்கையைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நோயால் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பணிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை’ என்று போர்டு எழுதி அனுப்பியிருந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: படையில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் உள்ளன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு அவற்றைத்தான் பார்ப்பார்கள். காயத்தோடு பணியில் தொடர்கிறவர்களுக்கு வரும் தொகைக்கு அந்த விதிகளில் இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று புதுப் பெயர்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் தள்ளுபடி ஆனால் இரண்டாவது அப்பீல். அப்புறம் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். தமிழ்நாடு, ஆந்திரா இரண்டுக்கும் சென்னை அமர்வுதான், கேரளத்துக்குக் கொச்சி. கெடு தாண்டிவிட்டதே என்று பயந்து உட்கார வேண்டாம். பென்ஷன் குறைவு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதமாக வந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பழைய பாக்கி என்று வரும்போது தார்சேம் சிங் வழக்கின் 2008 தீர்ப்பைக் காட்டி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். சித்தப்பாவுக்கும் அதுதான் நடந்தது. ஆணை வந்தது, வார் இஞ்சுரி ஆனது, மூன்று வருடப் பாக்கி வந்தது. மீதி வருடங்களின் பணம் போனது போனதுதான். அந்த வருடங்களில்தான் அவர் மகள் படிப்பை நிறுத்தினாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லையில் இருப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம்

பென்ஷன் மத்திய அரசுடையது. வீடு பேரணாம்பட்டில் இருந்தாலும் வி.கோட்டாவில் இருந்தாலும் ஒரே தொகை. இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறை வழியாக வருகிறது, ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று மட்டும் தவறக் கூடாது. மாநில அரசு தரும் உதவிகள் அப்படியல்ல. நீங்கள் எந்த மாநிலத்தில் முன்னாள் படைவீரராகப் பதிவு செய்திருக்கிறீர்களோ அந்த மாநிலத்துடையது மட்டுமே கிடைக்கும். தமிழ்நாட்டில் பதிவு என்றால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ஆந்திராவில் என்றால் சித்தூர் சைனிக் அலுவலகம். எடுத்துக்காட்டாக, 2025இல் தொடங்கிய ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் சுயதொழிலுக்கு 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு. அது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. எங்கள் சித்தப்பாவுக்குப் பொருந்தாது.

இன்னொரு குழப்பம்: ராணுவம் கொடுத்த சதவீதமும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் சதவீதமும் வேறு வேறு. பென்ஷனுக்கு முன்னது. பஸ் பாஸ், மாற்றுத்திறனாளிகள் இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குப் பின்னது. அதில் 40 சதவீதம் வேண்டும். இரண்டையும் வாங்கி வையுங்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் குரூப் சி பணியில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும்.

கால், கை, பிழைப்பு

முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் செயற்கை உறுப்பும் அடங்கும். அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் காட்டி ரெஃபரல் வாங்கிய பிறகே வெளி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் நேரே போகலாம், 48 மணி நேரத்துக்குள் தகவல் போய்விட வேண்டும். செயற்கைக் கால் ஆயுளுக்கும் ஒன்று அல்ல. ஸ்டம்ப் வருடாவருடம் மெலியும், சாக்கெட் தளரும், மூன்று உறை போட்டு இறுக்கிக்கொண்டு நடப்பார்கள். அப்படி நடந்தால் புண் வரும், இடுப்பும் கெடும். சித்தப்பா ஏழு வருடம் ஒரே செயற்கைக் காலை வைத்து ஓட்டினார். புதிது கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. புனேயில் 1944 முதல் இயங்கும் செயற்கை உறுப்பு மையம் இந்த வேலைக்கென்றே உள்ள ராணுவ நிறுவனம்.

தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களுக்குப் புனே பக்கத்துக் கிர்க்கியிலும் பஞ்சாபின் மொகாலியிலும் தங்கி வாழும் மறுவாழ்வு மையங்கள் உள்ளன. 1917இல் பம்பாயில் தொடங்கி இப்போது கிர்க்கியில் இயங்கும் குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் அடிபட்ட வீரர்களுக்குத் தொழில் கற்றுத்தருகிறது. 2002இல் கண்ணிவெடியில் காலை இழந்த நாகாலாந்து வீரர் ஹொகாடோ ஹோடோஷே சேமா, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கினார். அவருக்குக் கால் போனதும் சித்தப்பாவுக்குப் போன அதே வருடம்தான். பதக்கச் செய்தியைச் சித்தப்பா செல்போனில் நான்கு முறை பார்த்தார்.

இப்போது சேரும் பையன்கள் அக்னிவீரர்கள். அவர்களுக்கு மேலே சொன்ன பென்ஷன் கணக்கு கிடையாது. பணியால் ஊனம் ஏற்பட்டால் 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம் என்று ஒரே முறை தொகை. அங்கேயும் சதவீதத்தையும் காரணத்தையும் எழுதுவது அதே மருத்துவ போர்டுதான். உங்கள் வீட்டிலிருந்து யாராவது டிரெய்னிங்குக்குக் கிளம்பினால், அடிபட்ட அன்றே இஞ்சுரி ரிப்போர்ட் எழுதச் சொல்லி நகல் வாங்கு, அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லி ரயில் ஏற்றுங்கள்.