மெத்துக்குப் பதிலாக மாத்திரை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தெருவில் விற்ற ஹெராயினின் இடத்தை, அதைவிடப் பன்மடங்கு வீரியமான ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு (அபின் வகை மருந்து) பிடித்துக்கொண்டது. சாவுகள் குவிய, 2016 ஏப்ரலில் மாகாண அரசு பொதுச் சுகாதார நெருக்கடி அறிவித்தது. 2020 மார்ச்சில், கொரோனா முடக்கத்தோடு, இன்னொரு படி: தெருச் சரக்குக்குப் பதிலாக மருந்துக்கடை மாத்திரையை மருத்துவர் எழுதித் தரலாம் என்றது புதிய வழிகாட்டுதல். ஃபென்டனில் பழக்கமுள்ளவர்களுக்கு ஹைட்ரோமார்ஃபோன் என்ற ஓபியாய்டு வலிநிவாரணி. மெத் (மெத்தாம்ஃபெட்டமின்), கொக்கெய்ன் போன்ற ஊக்கிகளை எடுப்பவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் அல்லது டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், அதாவது கவனக்குறைவுக் கோளாறுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே மருந்துகள்.

முதல் மாற்று ஓரளவு பொருந்துகிறது. இரண்டாவதில்தான் சிக்கல்.

நரம்பணு வெளியே விட்ட டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்தைக் கொக்கெய்ன் அடைக்கிறது. மெத்தில்ஃபெனிடேட்டும் அதையேதான் செய்கிறது. ஆம்ஃபெட்டமின் வகைகள் அந்தப் புரதத்தையே எதிர்த்திசையில் ஓடவைத்து டோபமினை வெளியே தள்ளுகின்றன. வேலை கிட்டத்தட்ட ஒன்று, வேகம் வேறு. நரம்பில் ஏற்றிய கொக்கெய்ன் மூளையில் உச்சத்தைத் தொட 4 முதல் 6 நிமிடம் போதும். விழுங்கிய மெத்தில்ஃபெனிடேட்டுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். போதை என்று உணரப்படுவது டோபமின் எவ்வளவு ஏறியது என்பதை மட்டுமல்ல, எவ்வளவு சட்டென்று ஏறியது என்பதையும் பொறுத்தது. அதனால் மாத்திரை சோர்வைக் குறைக்கும், ஏக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். புகையில் கிடைத்தது அதில் கிடைக்காது. அளவும் எட்டாது. வான்கூவர் தெருவில் ‘ஒரு பாயிண்ட்’ மெத் என்றால் 100 மில்லிகிராம். டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் சாதாரண மாத்திரையோ 5 மில்லிகிராம்.

அதற்காக எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. முதலில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டும்; இதயக் கோளாறு இருந்தால் இ.சி.ஜி. வேண்டும். முன்பு மனப்பிறழ்வு வந்ததா, எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்தை (ஒருவகை மனச்சோர்வு மருந்து) கடந்த 14 நாளில் எடுத்தாரா என்று கேட்க வேண்டும். பிற்பகலுக்குமேல் கொடுத்தால் தூக்கம் போய்விடும். ஏற்கெனவே மூன்று நாள் தூங்காமல் வந்திருப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

சிறுநீர்ச் சோதனையும் ஏமாற்றும். மெத் உடலுக்குள் ஓரளவு ஆம்ஃபெட்டமினாக மாறுவதால், ‘ஆம்ஃபெட்டமின் உண்டு’ என்ற முடிவு மாத்திரையால் வந்ததா, தெருச் சரக்கால் வந்ததா என்று சாதாரண சோதனை அட்டை சொல்லாது. மெத்தில்ஃபெனிடேட் அதில் பொதுவாகத் தெரிவதே இல்லை. பிரித்தறிய நிறை நிறமாலைமானி வேண்டும்.

பலன்? இந்த மாகாணத்தின் 5,882 பேரின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2024-ல் வெளியானது. ஓபியாய்டு மாத்திரை ஒரு நாளாவது வாங்கியவர்களிடம், அடுத்த வாரத்தில் எக்காரணத்தாலும் நேரும் சாவின் விகிதம் 61% குறைவு. ஊக்கி மாத்திரை வாங்கியவர்களிடமும் எண் இறங்கித்தான் இருந்தது, ஆனால் பிழை வரம்பு அகலமாக இருந்ததால் உறுதியாகச் சொல்ல இடமில்லை. பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம்.

எங்கள் பார்வையில், மாத்திரை போதாத இடத்தில், தெருச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை கைகொடுக்கும். ஊக்கி மட்டும் எடுப்பவரின் உடல் ஓபியாய்டுக்குப் பழகியிராது. துளி ஃபென்டனில் கலந்தாலும் மூச்சு நின்றுவிடலாம். அகச்சிவப்பு நிறமாலைக் கருவி சுமார் 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பதைத் தவறவிடும், ஆகவே கரைசலில் தோய்த்து ஃபென்டனில் உண்டா என்று பார்க்கும் சோதனைப் பட்டையும் கூடவே வேண்டும். மெத் கரைசல் அடர்த்தியாக இருந்தால் பட்டை பொய்யாக ‘உண்டு’ என்று காட்டும்: 10 மில்லிகிராமுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் தண்ணீர் விட வேண்டும். ஒரு கோடு தெரிந்தால் ஃபென்டனில் உண்டு, இரண்டு தெரிந்தால் இல்லை. கர்ப்பச் சோதனைக்கு நேர் எதிர். பொடியில் ஃபென்டனில் ஒரே சீராகக் கலந்திருக்காது. ஓரத்தில் கிள்ளியெடுத்த துணுக்கில் இல்லை என்று வந்தாலும், மீதியில் இருக்கலாம்.