புடவை ஓரத்தில் ஓட்டை போடும் குட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு மாத லாப்ரடார் குட்டிக்குத் தடுப்பூசி போட ஓர் அம்மா வந்திருந்தார். ஊசி போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. புடவை ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். கொசுவலை மாதிரி ஓட்டைகள். கூட வந்த பையனின் இரண்டு கைகளிலும் சிவப்புக் கோடுகள்.

“பெரிசானா ஆளையே கடிச்சிடுமோ டாக்டர்? யாருக்காவது குடுத்துடலாமான்னு இவங்கப்பா கேக்கறார்.”

பையனிடம், “எப்படி விளையாடுவே, காட்டு” என்றேன். விரல்களை விரித்துக் குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டினான். குட்டி தாவியது. “ஐயோ” என்று சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டான். குட்டிக்கு வேறென்ன வேண்டும்? ஓடுகிற இரை, அதுவும் சத்தம் போடுகிற இரை!

“யார் கத்துக்குடுத்தது?”

“அப்பா.”

நமக்குக் கை எப்படியோ, குட்டிக்கு வாய் அப்படி. எதையும் வாயால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும். மூன்று வாரத்தில் முளைக்கத் தொடங்கும் பால்பற்கள் 28. ஒவ்வொன்றும் ஊசி. கூடப்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கீச்சிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், தாய் உறுமும். எவ்வளவு அழுத்தலாம் என்ற கணக்கைக் குட்டி அங்கேதான் படிக்கிறது. முப்பது முப்பத்தைந்து நாளில் பிரித்து விற்றால் படிப்பு பாதியில் நின்றுவிடும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 விதிகள் சொல்கின்றன. என் மேசைக்கு வரும் குட்டிகளைப் பார்த்தால் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

மீதிப் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும். பையன் பார்க்கும்படி குட்டியிடம் என் கையை நீட்டினேன். கவ்வியது. இழுக்காமல் கையைத் துவளவிட்டேன். செத்த கையில் சுவாரஸ்யம் இல்லையே, விட்டுவிட்டது. அடுத்து என் பேன்ட் காலைப் பிடித்துத் தொங்கியது. கைகளைக் கட்டிக்கொண்டு, அதைப் பார்க்காமல், மரம் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரம் உறுமி இழுத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தது. அந்த நொடியில் ஒரு முறுக்கிய துணிக்கயிற்றை அதன் வாயில் கொடுத்தேன். கடிக்கலாம், ஆனால் இதை. நின்றும் விடாவிட்டால் அரை நிமிடம் அறையை விட்டு வெளியேறுங்கள். கடித்தால் விளையாட்டு முடிந்தது என்று அதற்குப் புரிய வேண்டும். ஒருநாளில் புரியாது, வாரக்கணக்காகும். வீட்டில் நாலு பேரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். மூன்று பேர் மரமாக நிற்க, ஒருவர் விரலை ஆட்டினால் எல்லாம் வீண்.

மூக்கில் அடிப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது ஆகியவை தெருவுக்கு ஒருவர் சொல்லும் வைத்தியம். அடி வாங்கிய குட்டி கடியை விடாது, கையைக் கண்டால் பயப்படும். உறுமினாலும் அடித்தால் உறுமலை மட்டும் விட்டுவிடும். நாளைக்கு முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: தூக்கம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பள்ளி விட்ட பிள்ளைகளும் வேலை முடிந்த பெரியவர்களும் மாற்றி மாற்றித் தூக்கினால் ஏழு மணிக்கு அது பேயாகத்தான் ஆடும். கடிப்பது அதிகமானால் ஓர் ஓரத்தில் படுக்க விடுங்கள்.

நாலு மாதத்தில் பால்பற்கள் விழ ஆரம்பிக்கும். ஆறேழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். ஈறு ஊறும் அந்த நாட்களில் நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த துண்டைக் கொடுங்கள். பழைய செருப்பு வேண்டாம். பழசு புதுசு அதற்குத் தெரியாது. வேகவைத்த எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்.

அன்று நான் குரலை உயர்த்தியது ஒரே இடத்தில். கோடுகளைக் காட்டி, “இதுக்கு என்ன பண்ணீங்க?” என்றேன். “குட்டிதானே டாக்டர், மஞ்சள் வச்சேன்.” குட்டிக்கும் ரேபிஸ் வரும். அதற்கான தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான் போடுகிறோம். பல்லோ நகமோ தோலைக் கீறினால், ரத்தம் வராவிட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட காலமெல்லாம் போய்விட்டது. சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

போன வாரம் ரேபிஸ் ஊசிக்குக் குட்டியைத் தூக்கி வந்தவர் அப்பா. பையன் கயிற்றை ஆட்ட, குட்டி அதை மட்டும் கவ்வியது. அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினான், கோடே இல்லை. நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். அவர் மெல்ல முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாஷ்பேசினையும் சோப்பையும் காட்டினேன்.