காந்தத்தால் டிவியை வளைத்தவர்

கொரியக் கலைஞர் நாம் ஜுன் பெய்க் 1965-இல் செய்த ஒரு படைப்பில் இரண்டே பொருட்கள்தான்: 17 அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி, அதன் மேல் ஒரு பெரிய குதிரை லாடக் காந்தம். பெயரும் எளிமை, 'மேக்னட் டிவி'. காந்தத்தை நகர்த்தினால் திரையில் இருக்கும் ஒளிக்கோடுகள் சுருண்டு, வளைந்து, இதழ் இதழாக விரியும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இன்று அது இருக்கிறது. வீடியோ கலையின் தந்தை என்று புகழப்படும் இவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய டிவிக்குள் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு நேராகக் கண்முன் காட்டும் கலைப்படைப்பு வேறொன்று எனக்குத் தெரியாது.

பழைய டிவியின் பிக்சர் டியூப் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் பின்முனையில் சூடாகும் உலோக முனையிலிருந்து எலக்ட்ரான்கள் ஒரு கதிராகக் கிளம்புகின்றன. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் அவற்றைத் திரையை நோக்கி இழுக்கிறது. 15,000 வோல்ட் என்றால் அவற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 70,000 கிலோமீட்டர், ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய கால் பங்கு! திரையின் உட்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மீது அவை மோதும் இடம் ஒளிரும்.

சரி, ஒரு புள்ளி ஒளிர்ந்தால் படம் எப்படி வரும்? டியூபின் கழுத்தைச் சுற்றி இரண்டு ஜோடிக் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒரு ஜோடி கதிரை இடவலமாக இழுக்கும், இன்னொன்று மேலிருந்து கீழாக. நாம் எழுதுவதைப் போலவே கதிரும் ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் தாவுகிறது. அன்றைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளை டிவியில் ஒரு படத்துக்கு 525 வரிகள், நொடிக்கு 30 படங்கள். அதாவது நொடிக்கு 15,750 வரிகள். திரையில் முழுப் படம் என்று ஒன்று எந்தக் கணத்திலும் முழுசாக இருப்பதில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு புள்ளியை நம் கண்தான் படமாகச் சேர்த்துக்கொள்கிறது.

கம்பிச்சுருள்கள் கதிரை வளைப்பதும் காந்தப்புலத்தால்தான். நகரும் எலக்ட்ரானைக் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளும். வேகத்தைக் கூட்டாது, குறைக்காது, திசையை மட்டும் மாற்றும். கண்ணாடி காந்தப்புலத்தைத் தடுக்காது. ஆகவே வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால் அதுவும் அந்தச் சுருள்களோடு சேர்ந்து கதிரை இழுக்கத் தொடங்கிவிடும். பெய்க் செய்தது அதைத்தான். கறுப்பு வெள்ளை டியூப் என்பதால் காந்தத்தை எடுத்ததும் படம் பழையபடி ஆகிவிடும். கலர் டியூபில் அப்படியில்லை. அதன் திரைக்குப் பின்னால் உள்ள துளைகளிட்ட மெல்லிய எஃகுத் தகடும் காந்தமேறி, நிறக்கறை தங்கிவிடும். பழைய கலர் டிவி யாரிடமாவது இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

இதையெல்லாம் யோசித்தவர் எஞ்சினியர் அல்ல, இசை படித்தவர். 1932-இல் சியோலில் பிறந்த பெய்க், கொரியப் போர் வந்ததும் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி ஜப்பான் சென்றார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசை பற்றி ஆய்வேடு எழுதிவிட்டு 1956-இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனார். அங்கே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சந்தித்தது அவரைத் திருப்பிப்போட்டது. கொலோன் வானொலியின் மின்னணு இசைக்கூடத்தில் மின்னலைகளிலிருந்து ஒலியை உருவாக்குவதைப் பார்த்தவருக்கு, டிவிக்குள் ஓடுவதும் மின்னலைதானே என்ற எண்ணம் வந்தது இயல்பு.

1963 மார்ச்சில், வுப்பர்டால் நகரின் பர்னாஸ் காட்சிக்கூடத்தில் உட்சுற்றுகளை மாற்றிய டிவிகளை வைத்தார். ஒன்றில் வானொலியை இணைத்திருந்தார். ஒலியைக் கூட்டினால் திரையின் ஒளிப்புள்ளி பெரிதாகும். இன்னொன்று கொண்டுவரும் வழியிலேயே பழுதாகி, படம் முழுக்க ஒரே கோடாகச் சுருங்கிப்போன பெட்டி. மேலிருந்து கீழாக இழுக்கும் பகுதி செயலிழந்தால் எல்லா வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இப்படித்தான் கிடைமட்டக் கோடாகும். மெக்கானிக்கிடம் போக வேண்டிய அந்தப் பெட்டியை அவர் பக்கவாட்டில் நிமிர்த்தி, செங்குத்துக் கோடாக்கிக் காட்சிக்கு வைத்தார். 'ஸென் ஃபார் டிவி' பிறந்தது அப்படி. அப்புறம் ஜப்பானிய எஞ்சினியர் ஷுயா அபேயுடன் சேர்ந்து, படத்தின் நிறத்தையும் வடிவத்தையும் கையால் மாற்றக்கூடிய வீடியோ சிந்தசைசரையும் உருவாக்கினார்.

2006-இல் அவர் இறந்தபோது பிக்சர் டியூபின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. தென்கொரியாவின் குவாச்சோன் அருங்காட்சியகத்தில் 1988-இல் அவர் எழுப்பிய 'தாதாயிக்சோன்' கோபுரத்தில் 1,003 டிவிகள். கொரியாவின் தேசிய நாளான அக்டோபர் 3-ஐக் குறிக்கும் எண் அது. 2018-இல் பாதுகாப்புக் கருதி அணைத்தார்கள். 2022-இல் மீண்டும் ஒளிர்ந்தபோது 737 பெட்டிகளில் டியூபே தொடர்ந்தது, 266 மட்டும் எல்சிடி ஆயின. பதிவான வீடியோவை ஓட்டும் கோபுரம் என்பதால் அந்த மாற்றம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் 'மேக்னட் டிவி'யில் அது நடக்காது. எல்சிடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் நிலையாக இருக்கிறது. வளைப்பதற்கு அங்கே கதிரே இல்லை. எவ்வளவு பெரிய காந்தத்தை மேலே வைத்தாலும் அந்த இதழ்கள் விரியாது. அந்தப் படைப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால் வேலை செய்யும் பிக்சர் டியூப்களைத் தேடிச் சேர்த்து வைக்க வேண்டும், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.