இழுத்துப் பார்க்கும் கைக்கு என்ன தெரிகிறது?

கபடியில் ரெய்டு போனவர் சட்டென்று திரும்புகிறார். பாதம் ஊன்றிய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிடுகிறது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓரிரு மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகிறது. “ஜவ்வு போயிருச்சு போல” என்று மைதானத்திலேயே பேச்சு எழும். அது உண்மையா என்று ஸ்கேன் எடுக்கும் முன்பே பெரும்பாலும் கையாலேயே சொல்லிவிட முடியும்.

ஏ.சி.எல். என்கிற முன் சிலுவை ஜவ்வின் முக்கிய வேலை, கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமல் பிடித்துக்கொள்வது. ஆகவே சோதனையும் அதுதான்: எலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பது. முழங்காலை 90 டிகிரி மடக்கி, மேசை டிராயரை இழுப்பதுபோல் இழுப்பது பழைய முறை. அடிபட்ட புதிதில் இது அடிக்கடி ஏமாற்றும். வீங்கிய மூட்டு அவ்வளவு மடங்காது. வலியில் இறுகிய தொடைப் பின்தசைகள் எலும்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உள்பக்கக் குருத்தெலும்பு வட்டின் பின்முனையோ, கதவுக்கு ஆப்பு வைத்ததுபோல் தடுத்து நிற்கும். ஜவ்வு அறுந்திருந்தும் கால் நகராது.

20 முதல் 30 டிகிரி மட்டும் மடக்கினால் இந்தத் தடைகள் பெரிதும் விலகிவிடுகின்றன. இதுதான் லாக்மன் சோதனை. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லாக்மனின் முறை இது. அவரிடம் பயின்ற ஜோசப் டார்க் 1976-இல் இதைப் பதிப்பித்தார். ஒரு கை தொடையை அசையாமல் பிடிக்கும், மறு கை கீழ்க்காலை முன்னால் இழுக்கும். எவ்வளவு நகர்கிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. நல்ல ஜவ்வு, கயிறு விறைத்ததுபோல் ‘டக்’கென்று நிறுத்தும். அறுந்ததில் அந்த முடிவே இருக்காது; கொழகொழவென்று போய்க்கொண்டே இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு தளர்வு. அதனால்தான் அடிபடாத காலை முதலில் இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகம் வலுக்கும்.

ஒரு பொறியும் உண்டு. கீழ்க்கால் பின்னால் நழுவாமல் பிடிப்பது பின் சிலுவை ஜவ்வு; அது அறுந்தவருக்குக் கீழ்க்கால் ஏற்கெனவே பின்னால் சரிந்திருக்கும். இழுத்தால் அது தன் இடத்துக்குத் திரும்புகிறது. நமக்கோ முன்னால் நழுவியதுபோல் தோன்றும். முழங்காலை மடக்கிவைத்துப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தால் இந்தத் தவறு நேராது.

தோளில் கதை வேறு. மேற்கை எலும்பின் தலை, ஆழமில்லாத சிறு தட்டில் வைத்த பந்துபோல் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை முன்பக்கமாக நழுவியவருக்கு அந்தத் தட்டின் விளிம்பு பெரும்பாலும் கிழிந்திருக்கும். அவரைப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி விரித்து, பந்தெறியப் போவதுபோல் மெல்ல வெளிப்புறம் திருப்புகிறார் மருத்துவர். இங்கே அவர் பார்ப்பது நோயாளியின் முகத்தை. வலி மட்டும் என்றால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. “வேணாம் டாக்டர், கழண்டுரும்” என்று பதறினால், தோள் இன்னும் நழுவக்கூடியதா என்ற கேள்விக்கு அதுதான் விடை. அடுத்து, தோளின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்து எலும்புத் தலையைப் பின்னுக்கு அழுத்துகிறார். அதே கை, அதே கோணம். பயம் மட்டும் போய்விடுகிறது. அழுத்தும் கையைச் சட்டென்று எடுத்தால் தோள் உண்மையாகவே நழுவக்கூடும். அதனால், விரித்த கையைத் திருப்பி இறக்கிய பிறகுதான் அழுத்தத்தை விடுவது நல்லது.