டாரின்: பூனைக்கு இன்றியமையா ஊட்டம்

பூனை உணவுப் பொட்டலத்தின் பின்பக்கப் பட்டியலில் டாரின் என்ற பெயர் இருக்கும். லத்தீனில் 'டாரஸ்' என்றால் காளை. நம் ரிஷப ராசிக்கு மேலைநாட்டுப் பெயரும் அதுதான். 1827இல் ஜெர்மானிய அறிவியலாளர்கள் டீட்மானும் க்மெலினும் மாட்டின் பித்தநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்ததால் இந்தப் பெயர் வந்தது. இன்று உணவில் சேர்க்கும் டாரின் பெரும்பாலும் ஆலையில் வேதிமுறையில் செய்யப்படுவது. அதனால் தமிழில் 'காளை அமிலம்' என்று மொழிபெயர்த்தால் குழப்பமே மிஞ்சும். டாரின் என்றே எழுதி, தேவைப்படும் இடத்தில் 'கந்தகம் கொண்ட அமினோ அமிலம்' என்று விளக்கம் சேர்ப்பது நல்லது. புரதங்களில் கோக்கப்படாமல் கண், இதயம், தசை ஆகியவற்றின் செல்களில் தனியாகவே இருக்கும்.

ஆங்கிலத்தில் இதோடு சேர்த்துச் சொல்லும் 'எசென்ஷியல்' என்பதற்கு 'அவசியமான' என்று எழுதினால் போதாது. உடலால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வரவேண்டும் என்பது அதன் பொருள். 'இன்றியமையா' என்பதே சரியான சொல். நாயின் உடல் மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து டாரினைச் செய்துகொள்ளும். பூனையிடம் அதற்கான நொதிகளின் செயல்பாடு மிகக் குறைவு. போதாததற்கு, அதன் பித்த அமிலங்கள் டாரினோடு மட்டுமே இணையும் என்பதால் கையிருப்பு கரைந்துகொண்டே போகும்.

1975இல் பால் புரதமான கேசினை மட்டுமே புரதமாகத் தின்ற பூனைகளுக்கு டாரின் குறைவால் விழித்திரை சிதைவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கால்நடை மருத்துவர் பால் பயானின் குழுவினர், இதயத்தசை தளர்ந்த பூனைகள் டாரின் கொடுத்ததும் தேறியதைக் காட்டினார்கள். இதயம் தேறலாம், அழிந்த விழித்திரை திரும்பாது.

நம் வீடுகளில் அன்போடு வைக்கும் பால்சோறும் தயிர்சோறும் என்னைக் கவலைப்படுத்துவது இதனால்தான். அரிசியில் டாரின் கிடையாது, பாலில் சொற்பம். எலி பிடிக்கும் தெருப்பூனை தப்பித்துக்கொள்ளும். கதவடைத்த அடுக்கக வீட்டில் வளர்வது என்ன செய்யும்? மீனோ கோழி ஈரலோ வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் சோற்றில் ஊற்றுங்கள். அதுவும் முழு ஈடல்ல. வீட்டுச் சமையலையே தின்னும் பூனைக்கு டாரின் எவ்வளவு தரவேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

நாய்களிலும் விலக்கு உண்டு. கோல்டன் ரெட்ரீவர், அமெரிக்கன் காக்கர் ஸ்பானியல் இனங்களில் டாரின் குறைவோடு இதயத்தசை நோய் பதிவாகியிருக்கிறது.